அத்தைக்கு ஏன் தூக்கம் வரவில்லை?

‘வயசாச்சுன்னா தூக்கம் குறையத்தானே செய்யும்!’ – நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழுகிற வார்த்தை இது. ‘ராத்திரி பூரா பொட்டுத் தூக்கமில்லே’ என்று பெரியவர்கள் காலைக் காப்பியோடு சொல்வார்கள். ‘மத்தியானம் கொஞ்சம் படுத்து எழுந்திருங்க, சரியாயிடும்’ என்று அடுப்படியிலிருந்து பதில் வரும். அத்தோடு பேச்சு முடிந்துவிடும். பிள்ளைகளுக்கு ஸ்கூல் நேரமாயிற்றே!

அந்தப் பேச்சிலே பாதி உண்மை இல்லாமலில்லை. வயது ஏற ஏற ஆழ்ந்த தூக்கத்தின் பங்கு குறைகிறது. மேலோட்டமான தூக்கம் அதிகமாகிறது. ஒரு பாத்திரம் உருண்டாலும், தெருவில் ஒரு நாய் குரைத்தாலும் விழிப்பு வந்துவிடுகிறது. உடம்புக்குள் இருக்கிற கடிகாரமும் கொஞ்சம் முன்னால் நகர்ந்துவிடுகிறது. அதனால்தான் பெரியவர்கள் எட்டு மணிக்கே கொட்டாவி விடுகிறார்கள், சேவல் கூவும் முன்னே எழுந்து உட்காருகிறார்கள். இதெல்லாம் இயற்கை. ஆனால் 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஏறக்குறைய ஏழு, எட்டு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். ‘வயசாயிட்டா நாலு மணி நேரம் போதும்’ என்பது நாமாகச் சொல்லிக் கொள்வது.

என் மாமியார் விஷயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இதே நிலையில் ஒரு பெரியவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

அத்தைக்கு இப்போது 76 வயது. மாயவரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். முற்றம் வைத்த வீடு, கொல்லையில் இரண்டு தென்னை, வாசலில் திண்ணை. மாமா பக்கவாதத்தில் விழுந்து, கடைசி இரண்டு வருஷம் கட்டிலோடு கிடந்தார். படுக்கைப் புண் வரக் கூடாது என்று இரண்டு மணிக்கொரு தரம் அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். பகலில் உதவிக்கு ஒரு ஆள் வரும். ராத்திரி முழுக்க அத்தைதான். பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு – அலாரமே வேண்டாம், தானாக எழுந்துவிடுவார். 2022 மார்கழியில் மாமா போய்விட்டார். தை பிறந்ததும் இவர் போய் அம்மாவைக் கூட்டிக் கொண்டு வந்துவிட்டார். தாம்பரம் பக்கத்தில் மூன்றாவது மாடியில் எங்கள் ஃபிளாட்.

வந்த நாளிலிருந்து இதே கதைதான். எட்டு மணிக்குச் சாப்பிட்ட கையோடு படுத்துவிடுவார். ராத்திரி இரண்டு மணிக்கு ஹாலில் நாற்காலி நகரும் சத்தம் கேட்கும். போய்ப் பார்த்தால் விளக்குக்கூடப் போடாமல் இருட்டில் உட்கார்ந்திருப்பார். “என்னத்தே, தண்ணி வேணுமா?” என்றால், “ஒண்ணுமில்லேம்மா, நீ போய்ப் படு. நாளைக்கு உனக்கு வேலை கிடக்கு” என்பார். மறுபடி கண்ணயர நாலரை, ஐந்து ஆகும். சில நாள் அதுவும் கிடையாது. பகலில் டி.வி. முன்னால் உட்கார்ந்தபடியே தலை தொங்கும். சாப்பாடு குறைந்தது. பேச்சும் குறைந்தது. ஊரில் கலகலவென்று பேசுகிறவர், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவராகி விட்டார்.

‘துக்கம் இருக்கத்தானே செய்யும், நாளானால் சரியாகும்’ என்றார் இவர். பெற்ற பிள்ளை அப்படித்தான் சொல்வார்.

ஆறு மாதம் கழித்துத் திருச்சியிலிருந்து பெரிய நாத்தனார் வந்தார். ஒரு ராத்திரி அம்மாவின் பாட்டைப் பார்த்துவிட்டு, தன் பையிலிருந்து ஒரு பட்டை மாத்திரையை எடுத்தார். “அம்மா, இதிலே அரை மாத்திரை போட்டுக்கோ. கட்டை மாதிரி தூங்குவே. நான் ஆறு வருஷமாப் போடறேன், எனக்கு என்ன கெட்டுப் போச்சு?” என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. வேண்டாம் என்றுதான் சொன்னேன். பெற்ற பெண் கொடுக்கிறாள், அம்மா வாங்கிக் கொள்கிறார். நடுவில் மருமகள் பேச்சு எத்தனை தூரம் எடுபடும் என்று உங்களுக்கே தெரியும்.

தூங்கினார். அது நிஜம். பத்து நாள் எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம்தான் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. காலை ஒன்பது மணி வரைக்கும் மந்தமாக இருப்பார். காப்பி குடித்ததை மறந்துவிட்டு இன்னொரு தரம் கேட்பார். ஒரு நாள் பால் வைத்துவிட்டு, அடுப்பைப் பற்ற வைக்காமலே காஸைத் திறந்து விட்டு வந்துவிட்டார். நல்ல வேளை, நான் பக்கத்தில் இருந்தேன். ‘அம்மாவுக்கு மறதி நோய் வந்துட்டுதோ’ என்று இவருக்கு ஒரே கலக்கம். மூன்றாவது வாரம், நடுராத்திரி பாத்ரூம் போகும்போது தள்ளாடி, நிலைப்படியில் நெற்றி மோதி விழுந்துவிட்டார். இரண்டு தையலோடு போயிற்று. இடுப்பு எலும்பு முறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

அந்த மாத்திரை அல்ப்ரஸோலாம். இந்த வகையைச் சேர்ந்த தூக்க மாத்திரைகளை முதியவர்களுக்குக் கூடுமானவரை தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்காவில் முதியோர் மருத்துவர்கள் வைத்திருக்கிற ‘பியர்ஸ்’ பட்டியல் சொல்கிறது. 1991-ல் வந்த பட்டியல். 2023-ல் புதுப்பித்தபோதும் அந்த எச்சரிக்கை அப்படியேதான் இருக்கிறது. வயதான உடம்பில் இந்த மருந்து சீக்கிரம் கரைந்து வெளியேறாது. மூளையும் அதற்கு அதிகமாகவே மசிந்து கொடுக்கும். தடுமாற்றம், குழப்பம், மறதி, விழுதல், எலும்பு முறிவு எல்லாம் அதனால்தான். நம் நாட்டிலும் 2014 மார்ச் முதல் இந்த மாத்திரைகள் எச்-1 என்ற பட்டியலில் இருக்கின்றன. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது; விற்றால் டாக்டர் பெயரும் நோயாளி பெயரும் கடையில் தனி ரிஜிஸ்தரில் ஏற வேண்டும். மருந்துக் கடைக்குத்தான் இந்தச் சட்டமெல்லாம். மகள் கைப்பைக்கு எந்தச் சட்டம் உண்டு? ஜலதோஷத்துக்கும் அரிப்புக்கும் கொடுக்கிற, தூக்கம் வரவழைக்கும் பழைய மாத்திரைகளையும் சிலர் இப்படிப் பெரியவர்களுக்குக் கொடுக்கிறார்கள். அவையும் அதே பட்டியலில் இருக்கின்றன.

நெற்றித் தையல் பிரித்த அன்றே, முதியோர் மருத்துவம் படித்த ஒரு டாக்டரம்மாவிடம் அத்தையை அழைத்துப் போனேன். எந்தெந்த வேளைக்கு எந்த மாத்திரை என்று ஒரு தாளில் எழுதி, ஒரு வாரமாக அத்தை எப்போது படுக்கிறார், எப்போது எழுகிறார், பகலில் எத்தனை நேரம் கண்ணயர்கிறார் என்பதையும் காலண்டர் தாளின் பின்புறம் குறித்துக் கொண்டு போயிருந்தேன். நீங்களும் போவதானால் இதைச் செய்யுங்கள். டாக்டரின் நேரமும் மிச்சம், நமக்கும் தெளிவு.

அந்தத் தாளைப் பார்த்ததும் டாக்டரம்மா ஒரு கணக்குப் போட்டார். எட்டு மணிக்குப் படுத்து இரண்டு மணிக்கு விழிப்பு – நடுவில் ஆறு மணி நேரம். பகலில் டி.வி. முன்னால் ஒன்றரை மணி. “ஏழரை ஆச்சேம்மா! உங்க மாமியார் தூங்காம இல்லே. உங்க வீடு தூங்கற நேரத்திலே அவங்க தூங்கலே, அவ்வளவுதான்” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தூக்கமும் பசி மாதிரிதானாம். விழித்திருக்க விழித்திருக்கத் தூக்கத்தின் அழுத்தம் மூளையில் சேர்ந்துகொண்டே போகும். ஐந்து மணிக்கு நாலு பஜ்ஜி தின்றால் ராத்திரி சோறு இறங்குமா? அதே போலத்தான் சாயங்காலம் போடுகிற குட்டித் தூக்கம் ராத்திரித் தூக்கத்தைத் தின்றுவிடுகிறது. இன்னொரு பக்கம் வெளிச்சம். காலை வெயில் கண்ணில் படும்போதுதான் உடம்பின் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தது போல. ஊரில் அத்தை ஐந்தரைக்கு வாசல் தெளித்துக் கோலம் போட்டு, கொல்லைக்கும் முற்றத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தவர். இங்கே மூன்றாவது மாடியில், ஜன்னலுக்குத் திரை போட்ட ஹாலில், பகல் எது இரவு எது? போதாததற்கு வயதானால் கண்ணின் லென்ஸும் பழுப்பேறி வெளிச்சத்தைக் குறைத்துத்தான் உள்ளே விடும். கண்புரை இருந்தால் இன்னும் மோசம்.

மாத்திரைத் தாளில் இன்னொன்றும் அகப்பட்டது. ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடுகிற மாத்திரைகளில் ஒன்று, நீரைப் பிரிக்கிற வகை. அதை அத்தை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக் கொண்டிருந்தார். பின்னே பாத்ரூமுக்கு எழுந்திருக்காமல் என்ன செய்வார்? டாக்டரம்மா அதைக் காலை வேளைக்கு மாற்றிக் கொடுத்தார். (இதை நாமாக மாற்றக் கூடாது, கேட்டுத்தான் செய்ய வேண்டும்.) படுக்கும்போது ஒரு டம்ளர் சூடான பால் கொடுப்பது என் வழக்கமாக இருந்தது. “பால் நல்லதுதான், ஏழு மணிக்கே கொடுத்துடுங்க” என்றார். ஜாதிக்காய் கலக்கலாமா என்று கேட்டேன். ஒரு சிட்டிகையோடு நிறுத்திக் கொள்ளச் சொன்னார்; அளவு மீறினால் ஜாதிக்காயும் விஷம்தானாம்.

குறட்டை உண்டா, குறட்டைக்கு நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா, படுத்தால் காலில் பூச்சி ஊர்கிற மாதிரி இருக்கிறதா, முழங்கால் வலி எழுப்புகிறதா என்று வரிசையாகக் கேட்டார். ரத்தத்தில் இரும்புச் சத்தும் பார்த்தார். அது குறைந்தாலும் கால் குடைச்சல் வருமாம். இதுவரைக்கும் நானும் எதிர்பார்த்து வந்ததுதான்.

அதற்கப்புறம் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை அத்தை பக்கமாக நகர்த்திப் போட்டுக் கொண்டார். “ரெண்டு மணிக்கு முழிச்சா மனசிலே என்னம்மா வருது?” என்று கேட்டார்.

அத்தை கொஞ்ச நேரம் முந்தானையைத் திருகிக் கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக, “அவரைப் புரட்டணுமேன்னுதான் வருது” என்றார். “எழுந்து உட்கார்ந்தப்புறம்தான் அவர் இல்லேன்னு தெரியும். தினமும் அந்த நேரத்துக்கு மறுபடி ஒரு தரம் சாகறார், டாக்டர்.”

ஏழு மாதமாக ஒரே கூரையின் கீழ் இருந்தும் இந்த வார்த்தை அத்தை வாயிலிருந்து வந்ததில்லை. கேட்ட எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

“உயிரோட இருக்கறதே பாரம்னு எப்பவாவது தோணியிருக்கா?” – இதையும் டாக்டரம்மா நேராகவே கேட்டார். எனக்குப் பதறியது. இல்லாத எண்ணத்தை இவரே கிளப்பி விடுகிறாரோ என்றுகூட நினைத்தேன். அத்தை சாதாரணமாக, “தோணும். விடிஞ்சாப் போயிடும். விடியத்தான் நேரமாகுது” என்றார். அப்படிக் கேட்பதால் எண்ணம் புதிதாக முளைக்காது, இருக்கிற எண்ணம் வெளியே வர வழி கிடைக்கும் என்று டாக்டரம்மா பிறகு எனக்கு விளக்கினார்.

அத்தைக்கு வந்திருந்தது மனச்சோர்வு நோய். ஆறு மாதத்துக்கு மேலாகியும் பசியில்லை, எதிலும் ருசியில்லை, உடம்பு இளைத்திருக்கிறது, விடியுமுன்னே விழிப்பு, விழித்த நேரத்தில்தான் மனசு அதிகமாகக் கனக்கிறது. இத்தனையும் சேர்ந்து இருந்தால் ‘துக்கம்தானே, தானாகப் போகும்’ என்று விடக் கூடாதாம். பெரியவர்கள் ‘மனசு சரியில்லை’ என்று வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். தூக்கமில்லை, பசியில்லை, உடம்பெல்லாம் வலி என்று உடம்பின் மேல் போட்டுத்தான் சொல்வார்கள். 2017-18-ல் நாடு முழுக்க 45 வயதைத் தாண்டிய 72,000 பேருக்கு மேல் நேரில் பார்த்து ‘லாசி’ என்ற முதுமை ஆய்வை நடத்தினார்கள். 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மனச்சோர்வு நோயின் குறிகள் இருந்தன. ‘எனக்கு இந்த நோய் இருப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறார்’ என்று சொன்னவர்களோ நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மற்றவர்கள் எல்லோரும் நம் அத்தைகளும் அப்பாக்களுமாக இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

தூக்கமில்லாமையும் மனச்சோர்வும் ஒன்றுக்கொன்று தீனி போடுகிற ஜோடி. தூக்கம் கெட்டால் மனசு சோரும். மனசு சோர்ந்தால் தூக்கம் கெடும். அதனால் இரண்டு பக்கமும் சேர்ந்தே வைத்தியம் தொடங்கியது. மனச்சோர்வுக்கு ஒரு மருந்து – தூக்க மாத்திரை அல்ல, பலன் தெரியவே சில வாரமாகும் – கூடவே வாரம் ஒரு நாள் மனநல ஆலோசகரிடம் பேச்சு. அல்ப்ரஸோலாமைச் சட்டென்று நிறுத்தாமல் இரண்டு வாரத்தில் குறைத்து விட்டார்கள்.

தூக்கத்துக்கு மருந்தே இல்லாத ஒரு முறை. தூக்கமின்மைக்கு முதலில் இதைத்தான் செய்ய வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-ல் சொல்லியிருக்கிறது. கேட்டால் இவ்வளவுதானா என்பீர்கள். செய்து பாருங்கள், எத்தனை கஷ்டம் என்று தெரியும்! படுக்கை தூங்குவதற்கு மட்டும். பத்து மணிக்கு முன்னால் படுக்கக் கூடாது. ராத்திரி எப்படிப் போனாலும் காலை ஐந்தரைக்கு எழுந்துவிட வேண்டும். பகல் தூக்கம் மூன்று மணிக்குள், அரை மணிக்கு மேல் போகாமல். மத்தியானத்துக்குப் பிறகு காப்பி கிடையாது. இதற்குத்தான் அத்தை சண்டையே போட்டார். விழிப்பு வந்து இருபது நிமிஷம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால், புரண்டுகொண்டிருக்காமல் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் சலிப்பான வேலை ஏதாவது செய்து, கண் சொருகிய பிறகுதான் படுக்கைக்குத் திரும்ப வேண்டும். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. படுக்கை அறையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி அடுப்படியில் மாட்டினேன். சலிப்பான வேலைக்கு ஒரு முறம் பூண்டு. முதல் மாதம் எங்கள் வீட்டில் பூண்டுக் குழம்பாகவே கொதித்தது. பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டைக் கண்டாலே ஓடினார்கள்.

பாத்ரூம் போகிற வழியில் இருந்த மிதியடிகளை எடுத்துவிட்டு, சின்ன விளக்கும் சுவரில் ஒரு கைப்பிடியும் போட்டோம். டி.வி. சீரியலை எட்டு மணியிலிருந்து ஒன்பதுக்குத் தள்ளி வைத்தோம், பத்து வரைக்கும் கண் விழித்திருக்க வேண்டுமே! சீரியல் அழுகையில் எனக்கு மதிப்புக் கிடையாதுதான். ஆனாலும் அந்த ஒரு மணி நேரம் அத்தைக்குப் பக்கத்தில் பேரன் உட்கார்ந்து வில்லியைத் திட்டுவான், அதற்காகவே விட்டுவிட்டேன்.

உண்மையில் மாறுதலைக் கொண்டு வந்தது காய்கறி வண்டி. காலை ஆறரைக்கு எங்கள் கட்டடத்து வாசலில் கீரைக்கார அம்மாள் வருவார். வெயில் படட்டும் என்று அத்தையைக் கீழே அழைத்துப் போக ஆரம்பித்தேன். நாலாம் நாள் கீரைக் கட்டைப் பிரித்துப் பார்த்து, “இது நேத்து அறுத்த கீரை. யாருக்கிட்டே விக்கறே?” என்று பிடித்துக் கொண்டார். அந்த அம்மாளும் சளைக்கவில்லை. அப்புறம் பார்த்தால் அவருக்குச் சீர்காழியாம்; இருவரும் ஒரே ஊர்ப் பேச்சு. பக்கத்து ஃபிளாட்டுக்காரர்களும் “பாட்டி, எங்களுக்கும் ரெண்டு கட்டு பார்த்து வாங்குங்க” என்று பையைக் கொடுத்தார்கள். இப்போது நாலு வீட்டுக் காய் அத்தை பொறுப்பு. நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதுகிறார். ஐம்பது காசு பாக்கிக்குக்கூட லிஃப்ட் ஏறிப் போய்க் கதவைத் தட்டுகிறார்! எதிர் ஃபிளாட் பெண்ணுக்கு ஐந்து மாதக் கைக்குழந்தை. ராத்திரியெல்லாம் படுத்தி எடுக்கும். விடியற்காலை பால் கொடுத்துவிட்டு அத்தையின் மடியில் போட்டுவிட்டு அந்தப் பெண் ஒரு மணி நேரம் தூங்குகிறாள். இரண்டு பேரின் கடிகாரமும் ஒன்றுக்கொன்று பொருந்திவிட்டது.

மந்திரம் போட்டாற்போல எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். முதல் மூன்று வாரம் முன்னைவிட மோசமாக இருந்தது. படுக்கையில் இருக்கிற நேரத்தைக் குறைத்ததால் பகலில் சிடுசிடுப்பு; “என்னைப் படுக்கக்கூட விடமாட்டேங்கறா” என்று தன் மகளுக்கு ஃபோன் போட்டுச் சொன்னதும் உண்டு. ஆறு வாரத்தில் தூக்கம் சேர்ந்தாற்போல வரத் தொடங்கியது. மூன்று மாதத்தில் பழைய பேச்சும் திரும்பியது. இப்போது பத்தேகாலுக்குப் படுத்தால் ஒரு முறை எழுந்திருப்பார், அப்புறம் நாலரை, ஐந்து. மாமாவின் திதி வருகிற மாதம் மட்டும் அந்த இரண்டு மணி விழிப்பு திரும்புகிறது. அந்த நாட்களில் நானும் எழுந்து ஹாலுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். மாமாவைப் பற்றித்தான் பேசுவார். பெண் பார்க்க வந்தபோது வேட்டி தடுக்கி விழப் பார்த்தாராம்!

பக்கத்தில் இப்படிப்பட்ட டாக்டர் இல்லையே என்று வெளியூர்ச் சகோதரிகள் கேட்கலாம். அரசாங்கத்தின் ‘டெலி மானஸ்’ மனநலத் தொலைபேசி 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது. காசு கிடையாது, இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். பெரியவர்கள் ‘நான் போய்ச் சேர்ந்தா தேவலை’ என்கிற மாதிரி பேசினால் விளையாட்டுப் பேச்சாக எடுத்துக் கொள்ளாமல் அன்றைக்கே பேசிவிடுங்கள்.

நாத்தனார் சென்ற வருஷம் அம்மாவைப் பார்க்க வந்தபோது, தன் மாத்திரைப் பட்டையோடு டாக்டரம்மாவிடம் வந்தார், தானாகவே. அத்தனை வருஷம் சாப்பிட்டதை ஒரே நாளில் விட்டால் கை நடுக்கம், படபடப்பு, வலிப்புகூட வரலாம் என்பதால், கால் கால் மாத்திரையாக மாதக் கணக்கில் குறைக்கிறார்கள். இப்போது அரை மாத்திரையில் நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஃபோன் வரும். “அம்மா, நேத்து மூணு மணிக்கு முழிச்சுட்டேன், என்ன பண்ண?” என்பார். அத்தை ஃபோனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக் கொண்டு, ஊருக்கே கேட்கிற குரலில், “பூண்டு உரிடி!” என்பார்.